வெயில் பெற்ற காற்று

1998-ல் அனல், 1999-ல் புயல். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 12,000 உயிர்களைப் பறிகொடுத்த ஒடிசா, பள்ளிக்கூட அறிவியலை உயிர் காக்கும் பாடமாகப் படித்துக்கொண்டது.

புரி ஜகந்நாதர் கோயிலுக்கு வருபவர்களிடம் வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் அதிசயங்கள் இரண்டு. கோபுர உச்சியில் நீலச்சக்கரத்துக்கு மேலே பறக்கும் கொடி காற்றுக்கு எதிர்த்திசையில் பறக்கும் என்பது ஒன்று. மற்ற கடற்கரைகளில் பகலில் கடலிலிருந்து கரைக்கும் இரவில் கரையிலிருந்து கடலுக்கும் வீசுகிற காற்று, புரியில் மட்டும் தலைகீழாக வீசும் என்பது இன்னொன்று. கேட்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது அதிசயத்தைச் சோதித்துப் பார்க்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம், ஒரு கைக்குட்டை போதும். மே மாதத்தில் தெளிவான ஒரு நாளில் பிற்பகல் மூன்று மணிக்குப் புரி கடற்கரையில் நின்று அதை உயர்த்திப் பிடித்தால், அது ஊரைப் பார்த்துப் பறக்கும். காற்று கடலிலிருந்துதான் வருகிறது, மற்ற ஊர்களைப் போலவே. கடற்கரையில் வாழும் தெலுங்கு பேசும் நோலியா மீனவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. படகில் என்ஜின் வராத காலத்தில், விடியலுக்கு முன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போவதும் பிற்பகல் கடற்காற்றில் திரும்பி வருவதும்தான் பாய்மரக்காரர்களின் அன்றாடக் கணக்கு. காற்று தலைகீழாக வீசினால் பிழைப்பும் தலைகீழாகியிருக்கும்.

கொடியின் கதை கொஞ்சம் சிக்கலானது. கோயில் கோபுரத்தின் உயரம் 214 அடி. ஓடும் ஆற்றில் ஒரு பாறை குறுக்கே நின்றால் அதன் பின்பக்கம் தண்ணீர் சுழித்து, எதிர்த்திசையிலும் ஓடும். உயரமான கட்டடத்தைக் காற்று கடக்கும்போதும் அப்படித்தான். அந்தச் சுழிப்பில் மாட்டிய கொடி, கீழே நிற்பவர் முகத்தில் படும் காற்றுக்கு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த விளக்கத்தால் பக்தி குறைந்துவிடாது. ஆனால் காற்று எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்ற கேள்வி ஒடிசாவில் வெறும் வேடிக்கைக் கேள்வி அல்ல. அதற்குப் பதில் தெரிவதும் தெரியாததும் அங்கே ஆயிரக்கணக்கான உயிர்களின் விஷயமாக இருந்திருக்கிறது.

கடலின் அடியில் ஒரு வாழ்க்கை

மனிதர்கள் தரையில் வாழ்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அவர்கள் வாழ்வது ஒரு கடலின் அடியில். அது காற்றுக் கடல். அதில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். மீதியில் பெரும்பகுதி ஆர்கான். பூமியைச் சூடாக்குவதற்காகப் பேர் வாங்கியிருக்கும் கார்பன்-டை-ஆக்சைடு 0.04 சதவீதம்தான். நீராவியின் அளவு இடத்துக்கு இடம் மாறும்.

இந்தக் கடலுக்கு எடை உண்டு. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் அது ஏறத்தாழ ஒரு கிலோ எடையால் அழுத்துகிறது. விரித்த உள்ளங்கையின் மேல் நூறு கிலோவுக்குக் குறையாத பாரம். உள்ளங்கைக்கு அடியிலும் அதே காற்று அதே பலத்தோடு மேல்நோக்கி அழுத்துவதால் பாரம் தெரிவதில்லை. வானிலை நிலையங்கள் இந்த அழுத்தத்தை மில்லிபார் கணக்கில் சொல்கின்றன. கடல் மட்டத்தில் சராசரி 1,013 மில்லிபார். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது; புயலைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

காற்றின் பாதி எடை முதல் ஐந்தரை கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. மேகம், மழை, இடி, புயல் எல்லாம் கீழடுக்கில்தான் நடக்கின்றன. இந்த அடுக்கு நம்முடைய பகுதியில் 16 முதல் 18 கிலோமீட்டர் உயரம் வரை இருக்கும். அதில் மேலே போகப் போகக் குளிரும்: ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி.

இங்கே ஒரு சிறுவன் நியாயமாகக் கேட்கக்கூடிய கேள்வி உண்டு. மேலே போனால் சூரியனுக்குப் பக்கத்தில் போகிறோமே, சூடல்லவா அதிகமாக வேண்டும்? பதில் இதுதான்: சூரியன் காற்றை நேரடியாகச் சுடவைப்பது குறைவு. வெயிலில் ஏறத்தாழ பாதி காற்றைக் கடந்து வந்து நிலத்திலும் நீரிலும் விழுகிறது. தரை சூடாகிறது. தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. அடுப்பு கீழே இருக்கிறது; அதனால்தான் மேலே குளிர்கிறது.

தரையின் சூடு காற்றுக்கு ஏறும் வழிகள் மூன்று. ஏழாம் வகுப்புப் புத்தகம் சொல்லும் அதே மூன்று. தோசைக்கல்லின் சூடு மாவுக்கு ஏறுவதுபோல், ஒன்றையொன்று தொட்டு நிற்பவற்றுக்கு இடையே நடப்பது வெப்பக் கடத்தல். உலைநீரில் அடியிலுள்ள நீர் சூடாகி மேலே வர, மேலுள்ள குளிர்ந்த நீர் கீழே இறங்குவதுபோல், பொருளே இடம்பெயர்ந்து சூட்டைத் தூக்கிச் செல்வது வெப்பச்சலனம். அடுப்பைத் தொடாமல், எதிரே உட்கார்ந்திருந்தாலே முகத்தில் உறைக்கிறதே, அது வெப்பக் கதிர்வீசல். சூரியனின் சூடு பூமிக்கு வருவதும் இந்த மூன்றாவது வழியில்தான்.

காற்று, வெப்பத்தைத் தொட்டுக் கடத்துவதில் சோம்பேறி. தரையை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் அப்படிச் சூடாகும். சூடான காற்று விரிந்து லேசாகி மேலே எழும்பும். அந்த இடத்தில் அழுத்தம் குறையும். பக்கத்தில் அழுத்தம் அதிகமாக உள்ள இடத்திலிருந்து குளிர்ந்த காற்று அங்கே ஓடிவரும். அப்படிப் பக்கவாட்டில் ஓடிவருவதற்குத்தான் காற்று வீசுகிறது என்று பெயர்.

தமிழில் பழைய நாளிலிருந்தே நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர்கள் உண்டு. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து கோடை. கடைசிச் சொல் கவனிக்கத்தக்கது. வெயில் காலத்துக்கும் மேல்காற்றுக்கும் மொழி ஒரே பெயரை வைத்திருக்கிறது. வெப்பமும் காற்றும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள்.

மணலும் கடலும்

புரியின் மணலில் மே மாத நண்பகலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. பத்தடி தள்ளி, அலையில் கால் வைத்தால் இதமாக இருக்கிறது. இரண்டின் மீதும் விழுவது ஒரே வெயில். வித்தியாசத்துக்குக் காரணம், ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ உலர்ந்த மணலுக்கு ஆவதைப்போல் சுமார் ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். தவிர, மணலில் சூடு மேல்பரப்போடு நின்றுவிடுகிறது. நான்கு விரல் ஆழம் தோண்டினால் ஈரமும் குளிர்ச்சியும் தெரியும். கடலிலோ வெயில் பல மீட்டர் ஆழம் இறங்குகிறது. அலைகள் அதைக் கலக்கியும் விடுகின்றன.

ஆகவே பகலில் கரை சீக்கிரம் சுடுகிறது, அதன்மேல் காற்று எழும்புகிறது, கடலிலிருந்து காற்று வருகிறது. இரவில் கரை சீக்கிரம் குளிர்கிறது. கடல் வாங்கிய சூட்டை விடாமல் வைத்திருக்கிறது. காற்று திசை மாறுகிறது.

இதே நாடகம் பெரிய மேடையிலும் நடக்கிறது. கோடையில் இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் புரியின் மணலைப்போல் சுடுகிறது. இந்துமாக்கடல் குளிர்ந்த பக்கமாகிறது. கடல் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வருகிறது. பருவக்காற்றுக்குச் சூரிய வெப்பமே மூலம் என்று 1686-லேயே எழுதியவர், வால்நட்சத்திரத்தால் புகழ்பெற்ற ஆங்கில விஞ்ஞானி எட்மண்ட் ஹாலி. பூமியின் சுழற்சி, இமயமலை, உயரத்தில் ஓடும் காற்றோட்டங்கள் என்று பின்னால் வந்தவர்கள் பல திருத்தங்கள் சேர்த்தார்கள். ஆனால் தொடக்கம் அதுதான். ஜூன் நடுவில் ஒடிசாவின் வயல்களுக்கு மழையை இழுத்துவருவதில் மே மாத வெயிலுக்கும் பங்கு உண்டு.

அந்த வெயில் அதற்கு முன் வாங்கும் விலைதான் பயங்கரமானது.

விசிறி சுடும்போது

மேற்கு ஒடிசாவில் போலாங்கிர் மாவட்டத்திலுள்ள டிட்லாகட் என்ற சிறு நகரம், இந்தியாவின் வெயில் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் பெயர். 2016 ஏப்ரல் 24-ம் தேதி அங்கே 48.5 டிகிரி செல்சியஸ் பதிவானது. கடற்கரையிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் ஊர். சாதாரணக் கடற்காற்று அத்தனை தூரம் வருவதில்லை. சுற்றிலும் பாறை மலைகள். பகலில் வாங்கிய சூட்டைப் பாறை இரவிலும் உமிழ்ந்துகொண்டிருக்கும்.

ஆனால் 1998-ல் ஒடிசாவின் கடலோர மாவட்டங்களும் தப்பவில்லை. உள்நாட்டிலிருந்து வந்த வறண்ட அனல்காற்று கடற்காற்றை மீறி நின்றது. அந்தக் கோடையில் அரசுக் கணக்குப்படி மட்டும் 2,042 பேர் இறந்தார்கள். புயலுக்கும் வெள்ளத்துக்கும் பழகிய மாநிலம், வெயிலும் ஒரு பேரிடர் என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தது.

வெயில் எப்படிக் கொல்கிறது என்பதிலும் அதே மூன்று வழிகள்தான் வேலை செய்கின்றன. உடலின் வெப்பம் 37 டிகிரி. சாதாரண நாளில் உடல் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்கும் சுவருக்கும் தரைக்கும் வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. காற்று 37 டிகிரியைத் தாண்டினால் கணக்கு தலைகீழாகிறது. காற்று உடலுக்கு வெப்பம் கொடுக்கிறது. தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் மேலிருந்து கதிர்வீசுகின்றன. தரை பாதத்தைச் சுடுகிறது. மிஞ்சுவது ஒரே வழி: வியர்வை. அது ஆவியாகும்போது உடலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கடலோரத்தில் காற்றே ஈரமாக இருக்கும் நாளில் வியர்வை உலராது; அந்தக் கடைசிக் கதவும் சாத்திக்கொள்ளும். டிட்லாகட்டின் 45 டிகிரியைவிடக் கடலோரத்தின் 38 டிகிரி சில நாட்களில் ஆபத்தாக இருப்பது இதனால்தான். இந்திய வானிலைத் துறையும், வெப்ப அலையை அறிவிக்கச் சமவெளிக்கு 40 டிகிரி என்றும் கடலோரத்துக்கு 37 டிகிரி என்றும் தனித்தனி எல்லை வைத்திருக்கிறது. அதோடு வழக்கத்தைவிட நாலரை டிகிரியாவது கூடியிருக்க வேண்டும்.

மின்விசிறி பற்றிய ஒரு செய்தி ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டியது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. உடலைச் சுற்றியுள்ள சூடான படலத்தைத் தள்ளிவிட்டு, வியர்வையை உலர்த்துகிறது. அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால், ஓடும் விசிறி அனலை உடலின் மேல் கொண்டுவந்து கொட்டும். அப்போது உடலில் ஈரத்துணி வேண்டும். இல்லாவிட்டால் வேறு குளிர்ந்த இடம் வேண்டும். முதியவர்களைத் தனியே விசிறியின் கீழ் படுக்கவைத்துவிட்டு வேலைக்குப் போகும் வீடுகளில் இந்த ஒரு பாடம் உயிரைக் காப்பாற்றும்.

1998-க்குப் பிறகு ஒடிசா பல ஏற்பாடுகளைச் செய்தது. கோடை உச்சத்தில் பள்ளிகள் காலை நேரத்துக்கு மாறுகின்றன. கொளுத்தும் நண்பகலில் கூலி வேலை வாங்கக் கூடாதென்று உத்தரவு வருகிறது. சாலையோரங்களில் தண்ணீர்ப் பந்தல்கள் எழுகின்றன. மக்களிடம் ஏற்கெனவே இருந்த அறிவும் கைகொடுக்கிறது. சோற்றில் நீர் ஊற்றிப் புளிக்கவைத்த பக்காளம், தயிரோடும் கீரையோடும் வறுத்த மீனோடும் ஒடியர்களின் கோடை உணவு. நம்முடைய பழைய சோற்றுக்கும் நீராகாரத்துக்கும் நெருங்கிய சொந்தம். உடல் இழந்த நீரையும் உப்பையும் அது திருப்பித் தருகிறது. மார்ச் 20-ம் தேதியை ‘பக்காள தினம்’ என்றே கொண்டாடுகிறார்கள்.

பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2024 மே மாத இறுதியில் மேற்கு ஒடிசாவில் மீண்டும் வெப்ப மரணங்கள் நிகழ்ந்தன. ஆனால் 1998-ஐப்போல் மாநிலம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை.

கடல் போட்ட அடுப்பு

ஏப்ரல், மே மாதங்களில் ஒடிசாவிலும் வங்கத்திலும் மாலை நேரத்தில் திடீரென்று வானம் கறுக்கும். புழுதிக் காற்று, இடி, மின்னல், மழை. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். கால்பைசாகி என்று பெயர். பகலெல்லாம் சுட்ட தரையிலிருந்து ஈரக்காற்று செங்குத்தாக எழும்புவதன் விளைவு அது. உலைநீர் கொதிப்பதன் வானத்து வடிவம்.

கால்பைசாகிக்கு அடுப்பு தரை. புயலுக்கு அடுப்பு கடல். கடலின் மேல்நீர் 26.5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் புயலுக்குத் தீனி கிடைக்கும். அந்தத் தீனி நீராவி. 30 டிகிரியிலுள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல் வேண்டும், கொதிக்கும் நீர் முழுவதையும் ஆவியாக்க. கடல்நீர் கொதிக்காமலே ஆவியானாலும் இந்தச் செலவு குறைவதில்லை. அந்த வெப்பம் தொலைந்துபோவதில்லை. நீராவிக்குள் ஒளிந்துகொண்டு மேலே போகிறது. உயரத்தில் நீராவி குளிர்ந்து மேகத் துளியாகும்போது, ஒளிந்திருந்த வெப்பம் முழுவதும் வெளியே வந்து சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று இன்னும் மேலே எழும்புகிறது; கீழே அழுத்தம் இன்னும் குறைகிறது; சுற்றிலுமிருந்து ஈரக்காற்று இன்னும் வேகமாக ஓடிவருகிறது. தன்னைத் தானே ஊதிக்கொள்ளும் அடுப்பு இது.

ஓடிவரும் காற்று நேராக நடுவுக்கு வந்து சேர்ந்திருந்தால் பள்ளம் நிரம்பி ஆட்டம் முடிந்திருக்கும். பூமியின் சுழற்சி அதை விடுவதில்லை. பூமத்தியரேகைக்கு வடக்கே காற்று தன் பாதைக்கு வலப்பக்கம் விலகுகிறது. எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும் காற்று அப்படி விலகும்போது, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரு பெரும் சுழல் உண்டாகிறது. பாம்பு சுருண்டிருப்பதுபோன்ற இந்த வடிவத்தை வைத்து, கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்ற பெயரை உண்டாக்கியவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். அந்தச் சொல் இடம்பெற்ற அவருடைய மாலுமிகள் கையேடு 1848-ல் வெளிவந்தது. உலகம் முழுதும் வழங்கும் ஒரு சொல் வங்காள விரிகுடாவின் கரையில் பிறந்தது தற்செயல் அல்ல.

இன்றைய கேந்திரபாரா மாவட்டத்துக் கடற்கரையில் ஃபால்ஸ் பாயிண்ட் கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1885 செப்டம்பர் 22-ம் தேதி ஒரு புயல் அதைக் கடந்தபோது அங்கிருந்த அழுத்தமானி 919 மில்லிபாருக்கு இறங்கியது. அதுவரை உலகில் கடல் மட்டத்தில் பதிவானவற்றில் அதுவே மிகக் குறைவு. அதே கடற்கரையை 1999 அக்டோபர் 29-ம் தேதி தாக்கிய சூப்பர் புயலின் மையத்தில் அழுத்தம் 912 மில்லிபார் என்று மதிப்பிட்டார்கள். சாதாரண 1,013-லிருந்து பத்தில் ஒரு பங்கு காணாமற்போயிருந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப ஓடிவந்த காற்றின் வேகம் மணிக்கு 260 கிலோமீட்டர்.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தாக்கும் விசை நான்கு மடங்காகும். கூரைக்கு மேல் காற்று வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. வீட்டுக்குள் இருக்கும் காற்று அழுத்தம் குறையாமல் கீழிருந்து தள்ளுகிறது. கூரை நசுங்குவதில்லை, பிய்த்துக்கொண்டு பறக்கிறது. ஆனால் 1999-ல் பெரும்பாலோரைக் கொன்றது காற்று அல்ல, நீர். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் உயரும். 100 மில்லிபாருக்கு ஒரு மீட்டர். அதற்கு மேல், ஆழமில்லாத கடலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் காற்று நெட்டித் தள்ளிவந்தது. ஐந்தாறு மீட்டர் உயரத்துக்குக் கடல் எழுந்து, மகாநதிக் கழிமுகத்தின் தட்டையான கிராமங்களுக்குள் புகுந்தது. ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எர்சமா வட்டாரம் அழிந்தே போயிற்று. இறந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். ஒடிசாவில் இன்றும் அதை ‘மகாபாத்யா’ என்றே குறிப்பிடுகிறார்கள். எந்த ஆண்டுப் புயல் என்று யாரும் கேட்பதில்லை.

காப்பாற்றியது எது?

1999-ல் அந்த நீண்ட கடற்கரையில் இருந்த புயல் காப்பகங்கள் 23 மட்டுமே. எச்சரிக்கை கிடைத்த பல ஊர்களிலும் ஓடிப்போய் நிற்க இடமில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் மாநிலம் தனக்கென்று ஒரு பேரிடர் தணிப்பு அமைப்பை உருவாக்கியது. இந்திய மாநிலங்களில் அது முன்னோடி. காப்பகங்களின் எண்ணிக்கை 800-ஐத் தாண்டியது. கடலோரத்தில் சைரன் கோபுரங்கள் வந்தன. கிராமந்தோறும் இளைஞர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது.

சோதனை 2013 அக்டோபர் 12-ம் தேதி வந்தது. ஃபைலின் புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தது. வெளிநாட்டு நிபுணர்கள் சிலர் அது 1999-ஐப்போல் சூப்பர் புயலாகும் என்று எச்சரித்தார்கள். காற்றின் வேகம் 210 முதல் 220 கிலோமீட்டர் வரைதான் என்று இந்திய வானிலைத் துறை உறுதியாக நின்றது, கணிப்பு பலித்தது. அப்போது புயல் கணிப்புப் பிரிவுக்குத் தலைமை வகித்த மிருத்யுஞ்சய் மகாபாத்ரா, ஒடிசாவின் பத்ரக் மாவட்டத்துக்காரர். ஏறத்தாழ 10,000 பேரைக் கொன்ற 1971 புயலைச் சிறு வயதில் கண்டவர். 2019-ல் அவர் வானிலைத் துறையின் தலைவரானார். ஃபைலினுக்கு முன்பாக ஏறத்தாழ 10 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். ஒடிசாவில் உயிரிழப்பு ஐம்பதுக்குள் நின்றது.

2019 மே 3-ம் தேதி ஃபானி புயல் புரிக்கு அருகிலேயே கரையேறியது. மணிக்கு 175 முதல் 185 கிலோமீட்டர் வேகம். அதற்கு முன் 26 லட்சம் கைபேசிச் செய்திகள் அனுப்பப்பட்டன. 43,000 தொண்டர்கள் களத்தில் இறங்கினார்கள். சுமார் 12 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்குப் போனார்கள். புரி நகரம் சின்னாபின்னமாகியது. மாநிலத்தில் இறந்தவர்கள் 64 பேர். ஒவ்வோர் உயிரும் இழப்புதான். ஆனால் இருபது ஆண்டுகளில் 10,000 என்ற எண் 64-ஆகக் குறைந்திருக்கிறது. கடலின் சூடு குறையவில்லை, காற்றும் சாதுவாகிவிடவில்லை. மாறியது மனிதர்களின் அறிவும் ஏற்பாடும்.

சொன்னவுடன் 12 லட்சம் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது சாதாரண விஷயமல்ல. ஆடு, மாடு, படகு, நெல் எல்லாவற்றையும் விட்டுப் போக வேண்டும். வானம் அப்போது பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும். மையத்தில் ‘கண்’ கடக்கும்போதும் அப்படித்தான்: காற்று நின்றுவிடும், சில இடங்களில் வானம்கூடத் தெரியும். முடிந்துவிட்டது என்று நம்பி வெளியே வருபவரை, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று தாக்கும். சுழல் என்றால் என்ன என்று பள்ளியில் படம் வரைந்து பார்த்த பிள்ளை, அந்த இடைவெளியில் பாட்டியை வெளியே விடமாட்டாள்.

போய்வந்த பாடம்

அந்தப் படம் பாடப்புத்தகத்தில் இருந்ததுண்டு. என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய ஏழாம் வகுப்பு அறிவியல் நூலில் எட்டாம் பாடம் காற்று, புயல், சூறாவளி பற்றியது. 1999-ல் ஒடிசாவைத் தாக்கிய புயல்களை அது பெயர் சொல்லியே விவரித்தது. தகர டப்பாவில் நீரைக் கொதிக்கவிட்டு, மூடிக் குளிர்வித்து, வெளிக்காற்றின் அழுத்தம் அதை நசுக்குவதைப் பார்க்கச் சொன்னது. ஒரு குச்சியின் இரு முனைகளிலும் இரண்டு காகிதப் பைகளைக் கவிழ்த்துக் கட்டி, தராசுபோல் தொங்கவிட்டு, ஒரு பையின் கீழே மட்டும் மெழுகுவர்த்தியைக் காட்டச் சொன்னது. பை தீப்பிடிக்காத தூரத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, எந்த வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். சூடான காற்று நிறைந்த பை மேலே எழும்பும். கடற்காற்றும் கால்பைசாகியும் மகாபாத்யாவும் அந்தக் காகிதப் பைக்குள் இருக்கின்றன.

2022-ல் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லிப் பல பாடங்கள் நீக்கப்பட்டபோது, இந்தப் பாடமும் முழுமையாகப் போயிற்று. தட்பவெப்பம் பற்றிய பாடமும் கூடவே போனது. அடுத்து வந்த சில ஆண்டுகள் அந்த நூலைப் படித்த ஏழாம் வகுப்பு மாணவர்கள் வெப்பத்தைப் படித்தார்கள். அது எழுப்பும் புயலைப் படிக்கவில்லை. 2025-ல் வந்த புதிய நூல்களில் நிலைமை சீர்பட்டிருக்கிறது. இயற்கையில் வெப்பம் பரவுவது ஏழாம் வகுப்பிலும், அழுத்தம், காற்று, புயல் ஆகியவை எட்டாம் வகுப்பிலும் இடம்பிடித்திருக்கின்றன. இடையில் விடுபட்ட பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டிய பொறுப்பு வீட்டுக்கும் ஆசிரியருக்கும் இருக்கிறது. வங்காள விரிகுடா யாருடைய பாடத்திட்டத்தையும் பார்த்துக்கொண்டு காத்திருக்காது.

ஒடிசாவின் கடலோரக் கிராமங்களில் பல புயல் காப்பகங்கள் உயரமான தூண்கள் மேல் நிற்கின்றன. எழும் கடல் தூண்களுக்கு இடையே ஓடிவிட வேண்டும். மக்கள் மேல்தளத்தில் நிற்க வேண்டும். காற்று பிய்த்தெறிய ஓலையோ தகரமோ கிடையாது, கான்கிரீட் தளம்தான். புயல் ஆண்டுக்குச் சில நாட்கள். மற்ற நாட்களில் கட்டடம் சும்மா கிடக்க வேண்டியதில்லை. அதனால் அவற்றில் பலவும் பள்ளிக்கூடங்களாக நடக்கின்றன. கரும்பலகையும் மதிய உணவும் மணியோசையுமாக நாள் கழிகிறது. சைரன் ஒலித்தால் அதே வகுப்பறையில் ஊரே வந்து பாய் விரிக்கிறது, அங்கே படிக்கும் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள் உட்பட. அவர்களில் 1999-ல் தப்பிப் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள்.